பட்டாணி அணிலின் பப் யாத்திரை

வணக்கம் மக்களே! பின்னாடி பஸ் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது லண்டன் ஃப்ளீட் தெரு. நான் நிற்பது அதிலிருந்து பிரிகிற ஒயின் ஆபீஸ் கோர்ட் என்ற குறுகலான சந்து. பையிலிருந்து எட்டிப் பார்க்கிறவரை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: இவர் பெயர் பட்டாணி, என் அத்தை கம்பளி நூலில் பின்னிக் கொடுத்த அணில். முதுகில் மூன்று கோடு, ஒரு கண் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். சேனல் என் பெயரில் இருக்கிறது, ஆனால் கமெண்டில் எல்லாரும் நலம் விசாரிப்பது இவரைத்தான்.

போன வீடியோவில் ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணா, பொம்மையத் தூக்கிட்டு பாருக்கா போவீங்க?" என்று. போவேன் தம்பி. நம் ஊர் ஒயின்ஷாப்பை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இங்கிலாந்து பப் பிடிபடாது. மதியம் போனால் ஒரு பாட்டி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், குழந்தை சிப்ஸ் சாப்பிடும், மேசைக்கு அடியில் நாய் தூங்கும், அதற்குத் தனியாகத் தண்ணீர்க் கிண்ணம் வேறு. குடிக்காதவர் லைம் சோடா வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய பப்கள் பலவற்றில் அவற்றுக்கென்று ஏற்கெனவே ஒரு பட்டாணி உண்டு. கிளி, கப்பல், சேவல் என்று ஏதாவது ஒன்று. ஊர்க்காரர்கள் கடையின் வயதைப் பற்றிப் பேசுவதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அந்தப் பெரியவர்களை எல்லாம் பட்டாணி நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரட்டும் என்றுதான் இந்தப் பயணம்.

முதல் பெரியவர் இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். 'யி ஓல்ட் செஷயர் சீஸ்'. 1666 பெருந்தீயில் பழைய கடை எரிந்துபோய், மறு வருடமே திரும்பக் கட்டியது. வாசலில் பலகை தெரிகிறதா? அன்றிலிருந்து ஆண்ட ராஜா ராணிகளின் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. உள்ளே கேமரா வராது. இந்தப் பப் யார்க்‌ஷர் பக்கத்து சாமுவேல் ஸ்மித் என்ற பீர் கம்பெனியுடையது. 2019இல் அவர்கள் தங்கள் பப்களுக்குள் போன், லேப்டாப் எதுவும் கூடாது என்று விதி போட்டார்கள். மனிதர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டுமாம். என்னைப் போன்றவர்கள் வயிற்றில் அடிக்கிற விதிதான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. போய்விட்டு வந்து சொல்கிறேன்.

சரி, வந்துவிட்டேன். உள்ளே பகல் என்பதே கிடையாது. இருண்ட மரப் பலகைச் சுவர், கணப்பு, கீழே இறங்க இறங்க நிலவறை. பார்க்க வந்த ஆள் பெயர் பாலி, சாம்பல் நிறக் கிளி. 1926இல் செத்துப்போனது. அதற்கு உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் இரங்கல் செய்தி வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. முதல் உலகப் போர் முடிந்த அன்று ஊரே ஷாம்பெயின் திறந்துகொண்டிருக்க, பாலி அந்தக் கார்க் சத்தத்தை நூற்றுக்கணக்கான தடவை செய்து காட்டிவிட்டு மயங்கி விழுந்தது என்று ஒரு கதை. எண்ணியவர் எத்தனை கிளாஸ் உள்ளே தள்ளியிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை! இப்போது பாலி பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் இருக்கிறது. பட்டாணியைக் கையில் தூக்கிக் காட்டினேன். பக்கத்தில் கோட் போட்ட ஒருவர் ரொம்ப சீரியஸாகக் கேட்டார்: "சிப்மங்க்கா?" அது முதுகில் கோடு போட்ட அமெரிக்கச் சின்ன அணில். மூன்று கோடு போட்ட அணிலை இந்த ஊர் பார்த்ததே இல்லை. இங்கே பூங்காவில் ஓடுவதெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில். அது வந்து உள்ளூர்ச் செவ்வணிலைத் துரத்திவிட்டது. அந்த அரசியலை ஆரம்பித்தால் எந்தப் பப்பிலும் அரை மணி நேரம் நிச்சயம் ஓடும்.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வருவார் என்பதும் பெருமை. ஆனால் லண்டனில் டிக்கன்ஸ் உட்காராத பழைய பப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அடுத்ததற்குப் போவோம்.

இது செயின்ட் ஆல்பன்ஸ், லண்டனுக்கு வடக்கே கொஞ்ச நேர ரயில். வெர் என்று ஒரு சின்ன ஆறு, அதன் பக்கத்தில் 'யி ஓல்ட் ஃபைட்டிங் காக்ஸ்'. கட்டடத்தின் வடிவத்தைப் பாருங்கள், எட்டு பக்கம். முதலில் இது மடாலயத்தின் புறாக்கூண்டாக இருந்தது. அப்புறம் சேவற்கட்டு நடந்தது. சண்டை நடந்த பள்ளம் இதுதான் என்று உள்ளே இன்றும் காட்டுவார்கள். 1835இல் சட்டம் போட்டு சேவற்கட்டை நிறுத்தினார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. 2016இல் பீட்டா அமைப்பு, சண்டைச் சேவலுக்குப் பதிலாகப் 'புத்திசாலிச் சேவல்' என்று பெயரை மாற்றுங்கள் என்று கேட்டது. மாற்றவில்லை.

இவர்கள் சொல்கிற வருடம் 793. இங்கிலாந்திலேயே பழைய பப் என்று கின்னஸ் புத்தகத்திலும் இருந்தது. எட்டாம் நூற்றாண்டு என்பதற்குக் கையில் பிடித்துக் காட்ட எதுவும் இல்லை. நாம் பார்க்கிற கட்டடம் பதினாறாம் நூற்றாண்டுச் சாயலில் இருக்கிறது. 2000இல் கின்னஸ் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. 'நாங்கள்தான் மூத்தவர்கள்' என்று இத்தனை பேர் வந்து நின்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்.

பப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மேசையில் உட்கார்ந்து யாராவது ஆர்டர் எடுக்க வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். கவுன்ட்டருக்கு நாமே போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அங்கே வரிசை இருப்பதாகவே தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது ஊழியருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். கையை ஆட்டினால், நோட்டை நீட்டினால் உங்கள் முறை இன்னும் தள்ளித்தான் போகும். பட்டாணியைக் கவுன்ட்டரில், கிளாஸ் வைக்கிற அட்டையின் மேல் உட்காரவைத்தேன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரிடம் அடையாள அட்டை இருக்கிறதா?" என்றார். பதினெட்டு வயதுதான் சட்டம், ஆனால் இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிற யாரிடமும் அட்டை கேட்பது இங்கே பழக்கம். என்னிடம் கேட்கவே இல்லை. அது வேறு வருத்தம்.

நான் வாங்கியது அரை பைன்ட், 284 மில்லி. பீப்பாய்க்குள்ளேயே நொதித்து முடிகிற 'ஏல்' என்ற பீர். நிலவறையிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். அந்த நீளமான பிடியை அவர் தன் பக்கம் இழுக்கும்போது தோள் வரைக்கும் அசைகிறது. ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், இன்னொரு இழுப்பு. சுமார் 12 டிகிரியில் வரும், நுரையும் காற்றும் குறைவு, ஐஸ் குளிர்ச்சி கிடையாது. முதல் வாய்க்கு 'என்னடா இது' என்றிருக்கும். பாதி கிளாஸில் மால்ட் வாசம் பிடிபடும். இந்த வகை பீர் அழிந்துவிடக் கூடாது என்று 1971இல் கேம்ரா என்ற இயக்கம் ஆரம்பித்தார்கள். அதன் தலைமையகமும் இதே ஊரில்தான்.

அடுத்து லிங்கன்ஷரில் கிரந்தம் என்ற ஊர். இங்கே இருப்பது சின்ன பப், 'பீஹைவ்', அதாவது தேன்கூடு. மற்ற பப்களில் பலகையில் படம் வரைவார்கள். இவர்கள் நிஜத் தேன்கூட்டுப் பெட்டியையே மரத்தில் ஏற்றிப் பெயர்ப் பலகையாக வைத்திருக்கிறார்கள். அதோ, கிளைகளுக்கு நடுவே. 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு பாட்டு உண்டு: வழிப்போக்கனே நில், கிரந்தத்துக்கு இரண்டு அதிசயம், ஒன்று உயர்ந்த கோபுரம், இன்னொன்று உயிருள்ள பலகை. கோபுரம் என்பது அந்தப் பக்கம் தெரிகிற செயின்ட் வுல்ஃப்ரம் தேவாலயத்துடையது. 1393லேயே இரண்டாம் ரிச்சர்ட் ராஜா, ஏல் விற்கிறவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். எழுத்து தெரியாதவர்களும் கடையைக் கண்டுபிடிக்க அது உதவியது. சிங்கம், மான், கிரீடம் என்று பப்களுக்கு இப்படிப் பெயர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டாணியை மரத்தடியில் வைத்து ஒரு போட்டோ. தேனீக்கள் கண்டுகொள்ளவில்லை.

இப்போது நாட்டிங்ஹாம் ரயிலில் இருக்கிறேன். ரொம்பப் பேர் கேட்ட 'க்ரூக்கட் ஹவுஸ்' என்ற பப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாஃபர்ட்ஷரில் ஹிம்லி பக்கத்தில் இருந்தது. அடியில் நிலக்கரி தோண்டியதால் தரை இறங்கி, கட்டடமே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே கோலிக்குண்டை வைத்தால் மேட்டுப் பக்கம் உருள்வது போலத் தெரியும். 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி ராத்திரி தீப்பிடித்தது, இரண்டு நாளில் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது இல்லை. பழையபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று 2024இல் உள்ளூராட்சி நோட்டீஸ் கொடுத்தது. இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் லண்டன் மெய்டா வேலில் உள்ள கார்ல்டன் டாவெர்னைப் பாருங்கள். 2015இல் அனுமதி இல்லாமல் இடித்தார்கள், இடித்தவர்களையே பழையபடி கட்டவைத்து 2021இல் திறந்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு தனி சந்தோஷம்.

நாட்டிங்ஹாம்! 'யி ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்'. வெள்ளைச் சுவரில் பெரிதாக கி.பி. 1189 என்று எழுதியிருக்கிறது. சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் இங்கே நின்று குடித்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. முன்பக்கக் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதே ஊரில் 'சலூட்டேஷன்' 1240 என்கிறது, 'பெல்' 1437 என்கிறது, மூன்றும் 'நான்தான் மூத்தவன்' என்று இன்னும் மல்லுக்கட்டுகின்றன. எனக்கு வருடம் முக்கியமில்லை, உள்ளே வந்து சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்க அறைகள் எல்லாம் கோட்டைப் பாறையைக் குடைந்தவை. மணற்கல், விரலால் தேய்த்தால் மணலாக வருகிறது. பட்டாணியின் வாலில் அப்பியிருக்கிறது பாருங்கள். இந்த நகரத்துக்குக் கீழே மட்டும் இப்படிக் குடைந்த குகைகள் எண்ணூறுக்கு மேல்.

அந்த மணலை வைத்துத்தான் இன்றைய பேச்சே ஆரம்பித்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு தாத்தா, இந்த ஊர் வழக்கப்படி என்னைச் செல்லமாக 'மி டக்' (என் வாத்தே) என்று கூப்பிட்டார். அணிலுக்கு ஏன் கோடு என்று கேட்டார். ராமர் பாலம் கட்டியது, அணில் மணலில் புரண்டு வந்து உதறியது, ராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ இவர் கட்டடத் தொழிலாளி, இந்தச் சுவரைப் பார்க்கச் சொல்லு, கொட்டிக்கொண்டே இருக்கிறது" என்றார்.

மாடியில்தான் இந்தக் கடையின் பெரியவர், சபிக்கப்பட்ட கப்பல். பழைய மாதிரிக் கப்பல். கடைசியாக அதைத் துடைத்தவர்கள் எல்லாம் சீக்கிரமே செத்துப்போனார்களாம், அதனால் யாரும் கை வைப்பதில்லை. தூசி படிந்து படிந்து, பாய்மரம் எது ஒட்டடை எது என்று பிரிக்க முடியாது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். துடைக்கச் சோம்பல்பட்ட எவரோ கிளப்பிவிட்ட கதை என்று எனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டு மின்விசிறிக்கும் இதே சாபம்தான்.

இங்கே 'ரிங் தி புல்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. சுவரில் மாட்டுக் கொம்பு, மேலிருந்து கயிற்றில் ஒரு வளையம். வளையத்தை ஊசலாட விட்டு அது போய்க் கொம்பில் மாட்ட வேண்டும். நேராக விட்டால் மாட்டவே மாட்டாது, பக்கவாட்டில் வளைத்து விட வேண்டும். தாத்தா பேசிக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டினார். எனக்கு வளையம் திரும்பி வந்து என் நெற்றியைத்தான் தேடியது. எடிட்டிங்கில் வெட்டவில்லை, பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டான் ஹில். யார்க்‌ஷரில், கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர், பிரிட்டனிலேயே உயரத்தில் இருக்கிற பப். 2021 நவம்பரில் புயலும் பனியும் அடித்து, பாட்டுக் கச்சேரிக்கு வந்த அறுபது பேருக்கு மேல் மூன்று ராத்திரி அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், இசைக்குழுவும் சேர்த்து. ரயில் அந்தப் பக்கமே போகாது. யார்க்‌ஷர் பக்கம் கார் வைத்திருக்கிற நம்மாட்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பெட்ரோல் என் செலவு. முன் சீட் மட்டும் பட்டாணிக்கு, அதில் பேச்சுவார்த்தை கிடையாது.