காலில் ஊசி, நுரையீரலுக்கு வைத்தியமா?

வணக்கம். பக்கவாதம் வந்தவருக்கு நிமோனியா, அதாவது நுரையீரல் தொற்று, வராமல் தடுக்க மின் அக்குபங்சர் உதவுமா என்று கேட்கிறார்கள். பக்கவாதம் என்றதும் கை கால் விழுந்துபோவதுதான் நம் கண்முன் வரும், ஆனால் வந்த முதல் வாரத்திலேயே பலரைச் சாய்ப்பது நிமோனியா. தொண்டைத் தசைகளும் சேர்ந்து தளர்ந்துவிடுவதால் தண்ணீரோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. சிலருக்குப் புரைகூட ஏறாது, இருமலே வராது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு, மூளை அடிபட்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் சில நாள் படுத்துவிடுகிறது. சரி, முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால்? நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் அதைச் செய்து பார்த்தார்கள். 2015-இல் வந்த முடிவுகளில் எதிர்பார்த்த பலன் இல்லை.

இந்த நிலையில்தான் மின் அக்குபங்சர் பேச்சு வருகிறது. ஊசியைக் குத்தி, அதில் கிளிப் மாட்டி மெல்லிய மின்துடிப்பு அனுப்புவார்கள். அதிகம் குத்தும் இடங்களில் ஒன்று முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம். சீனர்கள் சூசான்லி என்பார்கள். காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சிரித்தவன்தான். அப்புறம் 2021-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது: எலியின் பின்னங்காலில் அந்த இடத்தைக் குறைந்த மின்சாரத்தால் தூண்டினால், செய்தி மூளைத்தண்டுக்குப் போய், மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு இறங்கி, உடம்பெங்கும் அழற்சி (வீக்கமும் எரிச்சலும்) தணிகிறது. வயிற்றில் குத்தினால் இந்தப் பாதை வேலை செய்யவில்லை, அதற்கான நரம்புகளை நீக்கிய எலிகளுக்கும் பலன் இல்லை. ஆக, இடம் முக்கியம்தான்.

ஆனால் எலி எலிதான். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில், குறைவான பேரை வைத்து நடந்தவை. ஊசி குத்தியது நோயாளிக்கே தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதும் கஷ்டம். வழக்கமான மருந்தோடு கூடவே இதையும் செய்து பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, மருந்தை நிறுத்திவிட்டு என்றால் கட்டாயம் மறுப்பேன். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போகிறதா என்று கேட்காமலே ஊசியை எடுப்பவரிடம் போகாதீர்கள். நெஞ்சில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலே ஓட்டையாகலாம்.

உறுதியான முடிவு வரும்வரை வீட்டார் கையில் இருப்பது: நோயாளியால் சரியாக விழுங்க முடிகிறதா என்ற சோதனை முடியும் வரை ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், தலைப்பக்கத்தை உயர்த்தியே வையுங்கள், பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்துவிடுங்கள், அவர் ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும்.