முதலில் கிளாஸ், பிறகுதான் கார்

வணக்கம் நேயர்களே. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தை ஒரு விருப்பமாக மேற்கொள்ள நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எந்தக் காரை வாங்கலாம் என்பதாகவே இருக்கிறது. எந்தக் கிளாஸில், அதாவது ஒரே விதிகளுக்கு உட்பட்ட கார்கள் தமக்குள் போட்டியிடும் எந்தப் பிரிவில், ஓடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்வதற்கு முன் எந்தக் காருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். மனத்துக்குப் பிடித்த காரை வாங்கி, அதற்குப் பிடித்தபடியெல்லாம் மாற்றங்களைச் செய்துவிட்டு, பிறகு விதிப்புத்தகத்தைத் திறப்பவருடைய கார், யாரோ ஒருவர் மூன்று மடங்கு செலவு செய்து தயாரித்த கார்கள் ஓடும் கிளாஸில் போய் விழுவதையே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அங்கே அவருக்குப் போட்டியென்று ஒருவரும் இருக்கமாட்டார்; முன்னால் போனவர்கள் ஒரு லேப் கூடுதலாகச் சுற்றிவந்து முந்திச் செல்லும்போது வழிவிடுவதிலேயே பந்தயம் முடிந்துவிடும்.

கிளாஸை எப்படித் தேர்ந்தெடுப்பது? நீங்கள் உண்மையில் போய் ஓடக்கூடிய பந்தயத் தடங்களில் கடந்த இரண்டு சீசன்களில் நடந்த பந்தயங்களின் முடிவுப் பட்டியல்களை எடுத்து, ஒவ்வொரு கிளாஸிலும் எத்தனை கார்கள் ஓடின என்று எண்ணுங்கள். விளம்பரமோ, உங்கள் கண்ணுக்கு எது அழகு என்பதோ இந்த எண்ணிக்கைக்கு ஈடாகாது. ஒரே கிளாஸில் இருபது கார்கள் வருகின்றன என்றால், நீங்கள் பதினெட்டாவது இடத்தில் ஓடினாலும் உங்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று கடைசி லேப் வரை போட்டி இருக்கும். பயிற்சிச் சுற்றில் ஒரு வீல் பேரிங் போய்விட்டால், பக்கத்துக் கூடாரத்தில் ஒருவரிடம் அது கட்டாயம் இருக்கும். சக்கரக் கோணத்தை எவ்வளவு வைக்க வேண்டும், டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சொல்லித்தரவும் ஆள் இருக்கும். காரை விற்க நினைக்கும்போது வாங்குபவரும் அதே கூட்டத்திலிருந்துதான் வருவார்.

புதியவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது ஸ்பெக் கிளாஸ், அதாவது எல்லாரும் ஒரே வகைக் கார், ஒரே வகை டயர், ஒரே சஸ்பென்ஷன் பாகங்களுடன் ஓட வேண்டும் என்ற விதியுள்ள பிரிவு. 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, இந்த வகைப் பந்தயத்தில் நிலைபெற்றதற்குக் காரணங்கள் தெளிவானவை: எடை ஏறத்தாழ ஒரு டன்தான், சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது, நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது மேலும் கீழும் இரு கைகளால் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு இருக்கிறது, உதிரி பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஸ்பெக் மியாட்டா பிரிவில் 1.6 லிட்டர், 1.8 லிட்டர் எஞ்சின்கள் கொண்ட வெவ்வேறு ஆண்டு மாடல்கள் ஒன்றாகவே ஓடுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறைந்தபட்ச எடையையும் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டையும் கொண்டு சமன்செய்கிறார்கள். 1984-இல் ஸ்போர்ட்ஸ் ரெனோ என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஸ்பெக் ரேசர் ஃபோர்டு ஆன பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், எஞ்சினுக்கே முத்திரையிட்டுவிட்டது. முத்திரையைத் திறக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லாததால், பணம் இருப்பவர் எஞ்சினில் வேகத்தை வாங்க முடியாது. ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்று நான் நம்புகிறேன், ஏனெனில் முன்னால் போகிறவர் உங்களைவிட ஒரு விநாடி வேகமாக இருந்தால் அந்த விநாடி எந்த வளைவில் போகிறது என்று உங்கள் ஓட்டத்திலேயே தேடியாக வேண்டும்.

ஷோரூம் காருக்கு நெருக்கமான பிரிவுகளும், குதிரைத்திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரிக்கும் பிரிவுகளும் உண்டு. முதல் வகையில், விதிப்புத்தகம் வெளிப்படையாக அனுமதிக்காத எந்த மாற்றமும் தடைசெய்யப்பட்டதே என்ற கொள்கையை மறந்துவிடாதீர்கள். புத்தகம் ஒரு பாகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் அதைத் தொடக்கூடாது என்று பொருள். புரோட்டோடைப், அதாவது சாலைக் காரை அடிப்படையாகக் கொள்ளாமல் பந்தயத்துக்கென்றே உருவாக்கும் வகைக் கார்களை முதல் காராக யாருக்கும் நான் சொல்வதில்லை.

இப்போது எடையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் செலவின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்து, வளைவுக்காக 80-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பிரேக்கில் சுமார் 1.1 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதே நேர்ப்பாதையில் 1,600 கிலோ எடையுள்ள, சக்தி மிகுந்த கார் 220-ஐத் தொட்டு அதே 80-க்குக் குறைந்தால், வெப்பம் சுமார் 2.6 மெகாஜூல், அதாவது இரு மடங்கையும் தாண்டிவிடுகிறது. எடை கூடியதோடு, ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதன் விளைவு இது. இந்த வெப்பம் ஒவ்வொரு லேப்பிலும் டிஸ்க், பேட், பிரேக் ஃப்ளூயிட் மூன்றின் மீதும் இறங்குகிறது. டாட் 4 என்ற தரத்திலுள்ள பிரேக் ஃப்ளூயிடுக்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி போதும். ஆகவே பழைய ஃப்ளூயிடுடன் கனமான காரைத் தடத்தில் இறக்கினால், ஃப்ளூயிட் கொதித்து பிரேக் பெடல் தரையைத் தொடும் நிலை வெகு சீக்கிரம் வந்துவிடும். டயரும் அதே கணக்கில்தான் தேயும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது போல, வாங்கும்போது மலிவாகக் கிடைத்த அந்தப் பெரிய கார் ஒவ்வொரு வார இறுதியிலும் உங்களிடம் வசூலித்துக்கொண்டே இருக்கும். ஒரு காரின் விலையைக் கேட்பதோடு நிற்காமல், ஒரு செட் டயர் எத்தனை பந்தயம் தாங்குகிறது, ஒரு செட் பேட் எத்தனை மணி நேரம் வருகிறது என்று அந்தக் கிளாஸில் ஓடுபவர்களிடம் கேட்டு, சீசன் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள்.

கிளாஸ் முடிவாகிவிட்டால், ஏற்கெனவே பந்தயத்துக்காகத் தயாரித்து ஓடிக்கொண்டிருக்கும் காரையே வாங்குங்கள். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட், ஹார்னஸ் (பல வார்கள் கொண்ட பந்தய சீட் பெல்ட்), தீயணைப்பு அமைப்பு ஆகியவற்றுக்கு ஒருவர் செலவழித்த தொகையில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வருவதில்லை. அந்த இழப்பு முந்தைய உரிமையாளருடையதாகவே இருக்கட்டும்.

பார்க்கப் போகும்போது லாக்புக்கை, அதாவது காரின் பந்தயப் பதிவேட்டை, முதலில் கேளுங்கள். மோதல்கள், சோதனையாளர்கள் குறித்துவைத்த குறைகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, கேஜின் குழாய்கள் தரைத் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும் இடத்தில் முட்டிபோட்டுப் பாருங்கள். வெல்டிங் குழாயைச் சுற்றி முழுவதுமாக வந்திருக்க வேண்டும். எளிதில் எட்டாத பின்பக்கத்தில் பாதியில் நின்றிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அந்த இடத்தில் பெயிண்ட் வெடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

இதோ, என் கையில் இருப்பவை ஒரே சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டு பிரேக் பேடுகள். பிஸ்டன் பக்கத்துப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்துவிட்டது, மற்றது இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பேடுகளை டிஸ்கின் மீது அழுத்தும் கேலிப்பர் நகர வேண்டிய பின் இறுகிப்போயிருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். இவ்வளவு எளிய வேலையைக் கவனிக்காத உரிமையாளர் எஞ்சினை எப்படிக் கவனித்திருப்பார் என்ற ஐயம் எனக்கு உடனே எழும்.

எஞ்சினுக்கு லீக்டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தமான காற்றைச் செலுத்தும்போது எண்ணெய் மூடியில் காற்றின் சீறல் கேட்டால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன, சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள்.

காரோடு ஹார்னஸ் வருகிறது என்றால் அதன் லேபிளில் உள்ள தேதியைப் பாருங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் சான்று பெற்றவை உற்பத்தி ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுகளில் காலாவதியாகின்றன. ஹெல்மெட்டை மட்டும் எக்காரணத்தாலும் பழையதாக வாங்காதீர்கள். ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பின் மோட்டார் சைக்கிளுக்கான எம் வகையும் இதற்கு உதவாது. கார் பந்தயத்துக்கான எஸ்ஏ வகையில்தான் தீயைத் தாங்கும் சோதனையும், ரோல் கேஜில் மோதுவதைப் போன்ற தாக்குதல் சோதனையும் உண்டு.

உயரமானவர்கள் இதைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்கவே கூடாது: ஹெல்மெட், ஹான்ஸ் (கழுத்தைக் காக்கும் கருவி), கையுறை, காலணி எல்லாவற்றையும் அணிந்து அந்தக் காரின் சீட்டில் அமர்ந்து, ஹார்னஸை முழுவதும் இறுக்கிப் பாருங்கள். ஹெல்மெட்டின் உச்சி, சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் கேஜ் குழாயின் உயரத்துக்குக் கீழே, உங்கள் பந்தயத்தை நடத்தும் அமைப்பின் விதி கேட்கும் இடைவெளியுடன் இருக்க வேண்டும். மியாட்டா போன்ற சிறிய கார்களில் ஆறடிக்கு மேற்பட்ட பலருக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. சீட்டைத் தரையோடு பொருத்தித் தாழ்த்த முடியுமா என்று விற்பவரிடம் அப்போதே கேளுங்கள். பிறகு, இறுக்கிய நிலையிலிருந்து ஹார்னஸை நீங்களாகவே கழற்றி, ஜன்னல் வலையை இறக்கி, யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து பாருங்கள். அதில் எங்காவது சிக்கிக்கொள்கிறீர்கள் என்றால், அந்தச் சிக்கல் தீரும் வரை கார் விற்பவரிடமே இருக்கட்டும்.