பச்சை உடம்பும் சிவப்பு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னால், "ராத்திரி தூக்கமில்லை, அப்படித்தான் இருக்கும்" என்றுவிடுகிறோம். தூக்கமும் காரணம்தான். ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எச்.பி., அதாவது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அளவு, எட்டு ஒன்பது என்று குறைந்திருக்கும்.

பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் அதோடு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பும் போய்விடும். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் எல்லாம் நல்லதுதான். ஆனால் சாப்பாட்டால் மட்டும் இந்தக் கடன் சீக்கிரம் அடையாது. அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள், தினம் ஒரு சிவப்பு மாத்திரை தருகிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தசோகை இருந்தால் டாக்டர் இரண்டாக்குவார்.

என்னிடம் வந்த ஒரு பெண் மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. எச்.பி. மட்டும் ஏறவே இல்லை. எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். "காலையில் காபியோடு, கால்சியம் மாத்திரையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுவிடுவேன் டாக்டர்" என்றாள். காபி, டீ, பால், கால்சியம் எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு மாற்றினோம். இரும்பு மாத்திரை ராத்திரி, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சம்பழச் சாற்றோடு. பத்தியம் என்று எலுமிச்சையை ஒதுக்கிய மாமியாரையும் உட்கார வைத்துப் பேசினேன். அதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது!

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தாய்ப்பாலுக்கும் கெடுதல் இல்லை. குமட்டினால் நீங்களாக நிறுத்தாமல் கிராம நர்ஸிடம் சொல்லுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அல்லது எச்.பி. ரொம்பக் குறைந்தவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் அயர்ன் சுக்ரோஸ் போன்ற மருந்தை நரம்பு வழியே ஏற்றுவார்கள். 7-க்கும் கீழே என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே மாதத்தில் எச்.பி. பத்தைத் தாண்டியது. உடனே, "இனி நிறுத்திடலாமா டாக்டர்?" என்றாள். இன்னும் இல்லையம்மா என்றேன். ரத்தம் தேறிய பிறகுதான் உடம்பு இரும்பைச் சேமிக்கத் தொடங்கும். அதற்கு இன்னும் சில மாதம் ஆகும்.