ஸ்கோப்புக்கு அடியில் இருக்கும் சிறு துண்டு

வணக்கம் நேயர்களே.

நவம்பர் நெருங்குகிறது. ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் புறப்பட நம்மவர்களும் ஆயத்தமாகிறார்கள். பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, முதல் ரைபிளை வாங்கிய தம்பிமார் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, எந்த ஸ்கோப் நல்லது?" என்பதுதான். ரைபிளின்மேல் பூட்டிக் குறிபார்க்கும் தூரக்கண்ணாடிதான் ஸ்கோப். "சரி தம்பி, அதை எதன்மேல் பூட்டப் போகிறாய்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஸ்கோப்புக்கு ஆயிரம் டொலர் கொடுக்கத் தயங்காதவர்கள், அதைத் தாங்குகிற பேஸை, அதாவது ரைபிளின்மேல் திருகாணியால் பூட்டும் உலோகத் துண்டை, கடையில் கையில் அகப்பட்டதை எடுத்து வந்துவிடுகிறார்கள். இன்றைக்கு அந்தப் பேஸைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பேஸின்மேல் உட்கார்ந்து ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களுக்கும் இடையில் 125 மில்லிமீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கப் பேஸ் ஒரு தாளின் தடிப்பளவு, அதாவது 0.1 மில்லிமீற்றர், அசைகிறது. 100 மீற்றரில் குறி 8 சென்ரிமீற்றர் விலகும். 200 மீற்றரில் 16. மானின் நெஞ்சறையில் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 முதல் 25 சென்ரிமீற்றர் அகலம்தான். நடுவில் குறிவைத்த குண்டு 16 சென்ரிமீற்றர் தள்ளிப் போனால் வயிற்றில் படும், இல்லாவிட்டால் காலை உடைக்கும். அந்த மான் உடனே சாகாது. சதுப்புக்குள் ஓடி, இரவெல்லாம் துடித்துச் சாகும், நமக்கும் கிடைக்காது. ஒரு உயிரை எடுக்கத் துணிந்தவன் அதை ஒரே குண்டில் எடுக்கக் கடமைப்பட்டவன் என்று நான் நம்புகிறேன். திருகாணி, பசை என்று இவ்வளவு விரிவாகப் பேச வந்ததற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பேஸ் என்பதை உங்கள் ரைபிளின் ரிசீவர்தான் தீர்மானிக்கும். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடுகிற அந்த உருக்குக் கூட்டின் மேற்பக்கம் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு வடிவம். 1962 முதல் விற்பனையில் இருக்கிற ரெமிங்டன் 700-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் உட்காரும் அதன் முன்பாலமும் பின்பாலமும் ஒரே உயரம் இல்லை. ஆகவே முன்பேஸ் வேறு, பின்பேஸ் வேறு. போல்ட்டும் ரிசீவரும் சேர்ந்த பொறியை அக்‌ஷன் என்பார்கள். இரண்டு துண்டுப் பேஸ் வாங்கினால் குட்டை அக்‌ஷனுக்கும் நீட்டு அக்‌ஷனுக்கும் ஒன்றே பொருந்தும். ஒரே துண்டாக நீளும் ரெயில் வாங்கினால் அக்‌ஷன் எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில ரைபிள்களுக்குப் பேஸே தேவையில்லை. ரூகர் 77-இல் வளையம் உட்காரும் இடத்தை ரிசீவரிலேயே வெட்டியிருப்பார்கள். சாக்கோவில் ஒடுங்கிச் செல்லும் தண்டவாளம் இருக்கும், உதைப்பு வர வர வளையம் இறுகும்.

பழைய லீ-என்ஃபீல்ட் ராணுவ ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரின்போது நம்முடைய ரொறன்ரோவுக்கு மேற்கே லாங் பிராஞ்சில் இருந்த தொழிற்சாலை இதன் நம்பர் 4 வகை ரைபிள்களை லட்சக்கணக்கில் செய்தது. போர் முடிந்த பிறகு அவை மலிவு விலைக்கு வந்து, எத்தனையோ கனடியக் குடும்பங்களின் மான் துப்பாக்கி ஆகிவிட்டன. வடக்கே காவல்பணி செய்யும் ராணுவத் துணைப்படையான கனடிய ரேஞ்சர்கள் 1947-இலிருந்து அண்மைக்காலம் வரை அதைத்தான் தோளில் சுமந்தார்கள். இந்த ரைபிளின் மேற்பக்கத்தில் ஸ்கோப்புக்கான துளை கிடையாது. குண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பால் மேலிருந்து நிரப்புவதற்கான பாலம் குறுக்கே நிற்கும். அதனால்தான் போர்க்காலத்தில் குறிசுடுவோருக்காகச் செய்த வகையில் ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் இரண்டு தாங்கிகளைப் பொருத்தி, ஸ்கோப்பைப் பக்கவாட்டிலிருந்து பூட்டினார்கள். உங்களிடம் முழுமையான ஒரு லாங் பிராஞ்ச் இருந்தால், தயவுசெய்து அதில் துளை போடாதீர்கள். துளையிடாமல் பூட்டும் பேஸ்கள் கிடைக்கின்றன. அவை கொஞ்சம் உயரமாக நிற்கும், கன்னத்தை வைத்துப் பழக வேண்டும். ஆனால் ஒருமுறை துளைத்த உருக்கைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது.

இனி வகைகள். டெக்சஸ் மாநிலம் எல் பாசோவில் ஸ்கோப் செய்துவந்த வீவர் என்பவரின் பெயரால் அறியப்படுவது வீவர் பேஸ். நியூ ஜேர்சியில் உள்ள பிக்கட்டினி ஆயுதசாலையின் பெயரால் வந்தது பிக்கட்டினி ரெயில். அமெரிக்க ராணுவம் 1995-இல் அதற்கு அளவு வகுத்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் பிக்கட்டினியில் வளையம் உட்காரக் குறுக்கே வெட்டிய பள்ளம் அகலம் கூடியது, இடைவெளியும் சீரானது. வீவர் வளையம் பொதுவாகப் பிக்கட்டினியில் உட்காரும். பிக்கட்டினி வளையம் வீவர் வெட்டுக்குள் இறங்காது. மூன்றாவது, முன்வளையத்தைக் குறுக்காக நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டும் வகை. அழகானது, பலமானது. அதைத் திருப்ப ஸ்கோப்பையே பிடித்து முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கோப் குழாய் நெளிந்துவிடும். அதே விட்டத்தில் ஒரு மரத்தடியை வளையத்துக்குள் வைத்துத் திருப்புங்கள்.

என்னைக் கேட்டால், மான் வேட்டை ரைபிளுக்கு உருக்கில் செய்த இரண்டு துண்டுப் பேஸ் போதும். பாரம் குறைவு, மேலே திறந்திருப்பதால் விறைத்த விரல்களாலும் குண்டு நிரப்பலாம். 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சரிவுள்ள ரெயில் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது மிகத் தூரம் சுடுகிறவர்களுக்கு. 100 மீற்றரில் 58 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறியைச் சாய்த்து வைக்கும் பேஸ் அது. சில ஸ்கோப்புகளில் அதன்பிறகு 100 மீற்றருக்குக் குறிசேர்க்கவே ஸ்கோப்பின் குமிழில் திருப்பு மிச்சமிருக்காது. நம்முடைய காடுகளில் பெரும்பாலும் அவ்வளவு தூரம் கண்ணே போகாது.

பூட்டுகிற வேலைக்கு வருவோம். பயிற்சியில் படித்ததை மேசையிலும் செய்யுங்கள்: போல்ட்டைக் கழற்றி, குண்டு உட்காரும் அறையும் குழலும் வெறுமை என்று கண்ணால் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

துளைகளை மூடியிருக்கும் சிறு திருகாணிகளை எடுங்கள். துளை, பேஸின் அடிப்பாகம், புதிய திருகாணிகள் எல்லாவற்றையும் அல்கஹோலால் துடையுங்கள். தொழிற்சாலை எண்ணெய் ஒரு பொட்டு மிஞ்சினாலும் பிறகு திருகாணியில் போடும் பூட்டுப் பசை பிடிக்காது. இப்போது பசை எதுவும் போடாமல் பேஸை வைத்து, ஒரு முனைத் திருகாணியை மட்டும் இறுக்குங்கள். மறுமுனையைப் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். கீற்றாக ஒளி தெரிந்தால் பேஸ் ரிசீவரில் முழுதாக உட்காரவில்லை. அப்படியே இறுக்கினால் பேஸ் வளையும், வளைந்த பேஸ் ஸ்கோப்பையும் வளைக்கும். மெல்லிய உலோகத் தகடோ எப்பொக்சிப் படுக்கையோ போட்டு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். அதைக் கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

அடுத்தது திருகாணியின் நீளம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் ரெமிங்டன் குண்டுகளை ஒரு சட்டி அகலத்துக்குச் சிதறடித்தது. அவர் ஸ்கோப்பை மாற்றினார், குண்டு வகையை மாற்றினார், ஒன்றும் சரிவரவில்லை. மேசையில் வைத்துப் பேஸை விரலால் அழுத்தியபோது மிக மெல்லிய 'டிக்' என்றொரு சத்தம். திருகாணியோ கல்லுப்போல இறுகியிருந்தது. கழற்றிப் பார்த்தோம். முன்துளைக்குப் போட வேண்டிய குட்டைத் திருகாணி பின்னாலும், பின்துளையின் நீட்டுத் திருகாணி முன்னாலும் இருந்தன. நீட்டுத் திருகாணியின் நுனி உள்ளே குழலின் புரியில் முட்டி, அங்கே பளபளவென்று ஒரு தேய்மானம். இறுக்கமெல்லாம் அந்த நுனியில். பேஸை அது பிடிக்கவே இல்லை. பொதியைத் திறந்ததும் திருகாணிகளை மேசையில் வரிசையாக வைத்து நீளம் பாருங்கள். எது எந்தத் துளைக்கு என்று பொதிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். பூட்டிய பிறகு போல்ட்டைப் போட்டு மூடிப் பாருங்கள். எங்காவது உரசினால் மறுபடி கழற்றுங்கள்.

எல்லாம் சரி என்றால், பேஸின் அடியில் துரு பிடிக்காமலிருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, திருகாணிப் புரியில் நீலநிறப் பூட்டுப் பசை ஒரு துளி. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. நீலமும் கூடினால் வழிந்து போல்ட் ஓடும் வழிக்குள் இறங்கும். துடைத்துவிடுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் பிடித்து, இரண்டு திருகாணிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வழமையான 6-48 திருகாணிக்கு 20 இஞ்ச்-பவுண் அளவில் நிறுத்துவார்கள். செய்தவர் தாளில் வேறு எண் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கை மதிப்பீட்டை நம்பாதீர்கள். அந்தத் திருகாணி 3.5 மில்லிமீற்றர் தடிப்புத்தான், தலை முறிந்தால் ரைபிளே கடைக்குப் போக வேண்டும்.

வளையங்களைப் பூட்டும்போது அவற்றை முன்பக்கமாகத் தள்ளி, வெட்டின் முன்சுவரில் முட்டவைத்து இறுக்குங்கள். சுடும்போது ரைபிள் பின்னுக்கு ஓடும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். முன்சுவரில் ஏற்கெனவே முட்டியிருந்தால் அது நகர இடமில்லை. ஸ்கோப் குழலில் படாத அளவுக்கு எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். அது குறைந்தால் புருவத்தைக் கிழிக்கும்.

பிறகு சுடுதளம். போல்ட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியாக 25 மீற்றர் இலக்கைப் பார்த்து ஸ்கோப்பை அதற்கு ஒத்துவரச் செய்துவிட்டு, அங்கிருந்து 100 மீற்றருக்குப் போங்கள். முதல் பெட்டிக் குண்டு முடிந்ததும் திருகாணிகளின் இறுக்கத்தைத் திரும்பப் பாருங்கள். வேட்டைக்குப் போகும் வாரத்தில், வெளியே குளிரில் ஒரு மணிநேரம் வைத்த ரைபிளால் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். காட்டில் மான் முன்னால் நிற்கும்போது நீங்கள் சுடப்போவது அந்தக் குளிர்ந்த குழலின் முதல் குண்டைத்தான். அது எங்கே விழுகிறதோ, அதை வைத்தே குறியைச் சேருங்கள்.

நன்றி, வணக்கம்.