டீச்சருக்கு மூன்று வரி

(தொடக்கப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், ஆகஸ்ட் முதல் வாரம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, வணக்கம்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5ஆம் தேதியை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அன்று மாலைக்குள் ஒரு டீச்சரின் மேசையில் முப்பது பேனா சேர்ந்துவிடும். எது யார் கொடுத்தது என்று அவருக்கே நினைவிருக்காது. வாங்கியது நீங்கள், பிள்ளை தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான்.

தான் சொல்லிக்கொடுத்ததில் எது, எப்படி ஒரு பிள்ளையின் மனசில் போய் உட்கார்ந்தது என்பது ஆசிரியருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லாது. பிள்ளை சொன்னால்தான் உண்டு. அதனால்தான் கடிதம் எழுதச் சொல்கிறேன்.

"டீச்சரைப் பற்றி எழுது" என்று சொல்லாதீர்கள். பிள்ளை விழிக்கும், நீங்களே சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பீர்கள், "அறிவொளி ஏற்றிய தீபமே" என்று வந்து நிற்கும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "முன்னாடி உனக்கு வராம இருந்து, இப்ப வர்றது எது? டீச்சர் என்ன செஞ்சாங்க?" பதில் வர இரண்டு நாள்கூட ஆகலாம். வந்ததும் மூன்றே வரி போதும்:

"எனக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. நீங்கள் பத்துப் பத்துத் தீக்குச்சியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினீர்கள். இப்போது 52இல் 27 போனால் 25 என்று நானே போடுகிறேன்."

அடுத்த ஆண்டும் தீக்குச்சிக் கட்டு வேண்டும் என்று அந்த டீச்சருக்கு இது சொல்லிவிடுகிறது.

'கழித்தல்' என்பதைப் பிள்ளை 'களித்தல்' என்று எழுதியிருந்தால் அப்படியே விடுங்கள். திருத்தி, மறுபடி எழுதவைத்தால் அது வீட்டுப்பாடமாகிவிடும். அடுத்த முறை கடிதம் என்றாலே ஓடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லட்டும், ஒரு சொல்லும் மாற்றாமல் நீங்கள் எழுதுங்கள். பெயரை மட்டும் அதன் கையாலேயே எழுதட்டும், கோணலாக இருந்தாலும்.

கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்படும் பிள்ளைக்குச் செண்டுமல்லி நாற்று நல்லது. இந்த வாரமே விதைத்தால் 5ஆம் தேதிக்கு நாற்று தயார். ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து, மெல்லிய கண்ணை ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். இந்த ஓட்டையை மறந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். செம்மண், மக்கிய சாண எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். மூன்று விதை போட்டு, அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஆழமாகப் போனால் முளைக்காது. ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டும். அதுவரை நிழல், பிறகு காலை வெயில். குவளையால் ஊற்றினால் விதை மேலே வந்துவிடும். பிள்ளை கையால் தெளிக்கட்டும். இரண்டு கொட்டாங்கச்சி வையுங்கள், ஒன்று பட்டுப்போனால் மற்றது இருக்கும்.

வகுப்புக்கே வசூல் செய்து விலையுள்ள பரிசு வாங்குவதை விட்டுவிடுங்கள் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நடத்தை விதிகள் வேறு இருக்கின்றன. அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடுவோம்.

கொடுக்கும் நேரமும் முக்கியம். பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக் முன்னால் நிறுத்திப் படிக்கவைத்தால் கூச்சமுள்ள பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மதியச் சாப்பாடு முடிந்து, டீச்சர் தனியாக இருக்கும்போது நீட்டட்டும். சத்துணவுக்கூடத்து அக்காவுக்கும் பிள்ளை எழுத விரும்பினால், இன்னொரு தாளைக் கொடுங்கள்.

போன வருட டீச்சருக்கு எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக. அஞ்சலட்டையில் மூன்று வரி அழகாக அடங்கும். அவர் மாறுதலாகிப் போயிருந்தால், இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, பின்கோடு ஆறு இலக்கமும் சரிபார்த்து, ஆகஸ்ட் கடைசி வாரமே தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள். போடுவது பிள்ளையாக இருக்கட்டும்; எட்டாவிட்டால் தூக்கிப் பிடியுங்கள்.