793 பாகம்: யூத நாட்காட்டியின் கணக்கும் தீர்ப்பும்

வணக்கம் நேயர்களே. மதமும் விஞ்ஞானமும் என்று பேச்செடுத்தாலே படைப்பா, பரிணாமமா என்ற பட்டிமன்றத்தில் போய் நிற்கிறோம். யூத மரபில் இந்த உறவைக் கிட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல இடம் அவர்களுடைய நாட்காட்டி.

யூத மாதம் பிறையோடு பிறக்கிறது. அந்தக் காலத்தில் பிறை கண்டவர்கள் நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். தலைவர் ரப்பான் கமலியேல் மாடியறைச் சுவரில் நிலவின் வடிவங்களை வரைந்து வைத்து, "இப்படியா பார்த்தாய், அப்படியா?" என்று கேட்டதை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு பதிவு செய்கிறது.

அவர் வாயிலாகவே, மிஷ்னாவின் விரிவுரையான தால்முத் ஓர் எண்ணையும் தருகிறது: ஒரு மாதம் என்பது இருபத்தொன்பதரை நாள், மூன்றில் இரண்டு மணி, 73 பாகம். ஒரு மணிக்கு 1080 பாகம். மூன்றில் இரண்டு மணி 720 பாகம். 73-ஐச் சேர்த்தால் 793. ஆக 29 நாள், 12 மணி, 793 பாகம். ஒரு பாகம் மூன்றே கால் வினாடிக்குச் சற்று மேல். இன்றைய வானியலின் சராசரி மாதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அரை வினாடி அளவுதான். கமலியேல் இதைப் பாட்டன் வீட்டு மரபு என்கிறார். பாபிலோனியக் கணக்கிலும் கிரேக்க வானியலர் தாலமியின் நூலிலும் இருப்பது இதே எண்.

ஒவ்வொரு மாதமும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 29 நாளில் நான்கு வாரத்தைக் கழித்தால் ஒரு நாள் மிச்சம். ஆகவே மாதத்துக்கு மாதம் கூட்ட வேண்டியது 1 நாள், 12 மணி, 793 பாகம். மரபு முதல் மாதத்துக்குத் தரும் தொடக்கப் புள்ளி திங்கள், 5 மணி, 204 பாகம். அடுத்த மாதம் செவ்வாய், 17 மணி, 997 பாகம். அதற்கடுத்து 997-உம் 793-உம் 1790. 1080-ஐக் கழித்தால் 710 பாகம், கையில் ஒரு மணி. 17, 12, 1 சேர்ந்தால் 30 மணி. 24-ஐக் கழித்தால் 6, கையில் ஒரு நாள். விடை வியாழன், 6 மணி, 710 பாகம். புதிதாகப் போடுகிறவர் இதை வியாழன் விடியற்காலை என்று படித்துவிடுவார். யூத நாள் மாலையில் தொடங்குவதால் 6 மணி என்பது நள்ளிரவு. நம் கடிகாரத்தில் புதன் இரவு பன்னிரண்டு முப்பத்தொன்பது.

புத்தாண்டு மாதம் பிறக்கும் இந்த நேரம் நண்பகலிலோ அதற்குப் பிந்தியோ விழுந்தால் புத்தாண்டு தள்ளிப்போகும். 921-இல் பாலஸ்தீன யூதர்களின் தலைவர் பென் மெயிர், இந்த எல்லையை 642 பாகம், அதாவது 35 நிமிடம் 40 வினாடி நீட்டலாம் என்றார். பாபிலோனியா, அதாவது இன்றைய ஈராக் பக்கத்தில் அறிஞர் சாதியா மறுத்தார். 922-இல் ஒரு பக்கம் ஞாயிற்றுக்கிழமையும் மறுபக்கம் செவ்வாய்க்கிழமையும் பாஸ்கா என்ற வசந்தப் பண்டிகை. அரை மணிச் சொச்சத்துக்கு ஒரு சமூகமே இரண்டுபட்டது. கடைசியில் நின்றது சாதியாவின் கணக்கு.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் வைத்தியர், யூதச் சட்ட மேதை. பிறைக் கணக்கின் காரணங்களைக் கிரேக்கர்களின் நூல்களிலிருந்து எடுத்ததை அவர் தம் சட்ட நூலிலேயே ஒளிக்காமல் எழுதுகிறார்: நிரூபணம் தெளிவாக இருந்தால், சொன்னவர் தீர்க்கதரிசியா வேற்று இனத்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை. இந்தத் துணிவு திடீரென்று வந்ததல்ல. இரவில் சூரியன் எங்கே போகிறது என்று யூத அறிஞர்களுக்கும் வேற்று இன அறிஞர்களுக்கும் இடையே இருந்த வாதத்தில், "அவர்கள் சொல்வதே நம்முடையதைவிடப் பொருத்தமாகத் தெரிகிறது" என்று ரப்பி யூதா ஒப்புக்கொண்டது தால்முத்திலேயே இருக்கிறது. அவர் காட்டிய ஆதாரம், ஊற்று நீர் பகலில் குளிர்ந்தும் இரவில் வெதுவெதுப்பாகவும் இருப்பது. முடிவு சரி, ஆதாரம்தான் சற்று நொண்டி!

ஆனால் அளப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. கமலியேல் ஏற்றுக்கொண்ட சாட்சி பிழை என்று கருதினார் ரப்பி யோசுவா. யோசுவாவின் கணக்குப்படி புனித ஓய்வு நாளான பிராயச்சித்த நாள் எதுவோ, அதே நாளில், அன்று எடுக்கக்கூடாத கைத்தடியும் பணமும் எடுத்துக்கொண்டு தன்னிடம் வரவேண்டும் என்று கமலியேல் உத்தரவிட்டார். யோசுவா போனார்.

அளப்பதற்கும் தீர்ப்புக்கும் இடையிலான இந்தப் பிரிவினை இன்றும் நிற்கிறது. 19 ஆண்டில் 7 ஆண்டுக்கு ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்தும், ஆண்டின் சராசரி சூரிய ஆண்டைவிட ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். சுமார் 216 ஆண்டில் ஒரு நாள் நகர்ந்துவிடும். வசந்தத்தின் முதல் முழுநிலவோடு வரவேண்டிய பாஸ்கா 2016-இல் ஒரு மாதம் பிந்தி ஏப்ரல் 23-இல் வந்தது. பிழை எங்கே என்று ரப்பிகளுக்குத் தெரியும். திருத்துகிற அதிகாரம் சன்ஹெட்ரின் என்ற பழைய உயர்மன்றத்துக்கே உண்டு என்பது அவர்கள் சட்டம். அந்த மன்றம் இப்போது இல்லை.