கரப்பான் என்று அழைத்த வானொலி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கூட்டத்தாரை மனிதராகவே கருதாமற்போவதால்தான் அவர்கள்மீது கொடுமை நிகழ்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பாதிக்குச் சான்று உண்டு. 1975-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், தவறான முடிவெடுப்போருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பொறுப்பு மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உண்மையில் எவருக்கும் அதிர்ச்சி செல்லவில்லை. மாணவர்கள் அதை அறியமாட்டார்கள். எதிரில் இருப்பவர்கள் விலங்குகளைப் போன்றவர்கள் என்ற பேச்சு தற்செயலாகப்போலக் காதில் விழுந்தவர்கள் அதிர்ச்சியைக் கூட்டினார்கள். நல்லவர்கள் என்று கேட்டவர்கள் குறைத்தார்கள். முன்பகை எதுவும் இல்லை. பொறுப்பு தனக்கு மட்டுமன்றிப் பலருக்கும் பொது என்றபோதும் அளவு ஏறியது என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

இனி ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு வருவோம். 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்கள் பல லட்சம் பேர் பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டபோது, அத்தீவிரவாதிகளின் ஊதுகுழலான ஆர்.டி.எல்.எம். வானொலி அவர்களைக் கரப்பான்பூச்சிகள் என்றே அழைத்துவந்தது. ஆனால் கொன்றவர்களில் பலர் அண்டை அயலார். கொல்லப்பட்டவரின் பெயரையும் குடும்பத்தையும் அறிந்தவர்கள். பூச்சியை எவரும் அவமானப்படுத்துவதில்லை. அங்கோ, பெண்கள்மீது நடந்த பாலியல் வன்முறையை இன அழிப்பின் ஒரு பகுதி என்றே 1998-இல் அக்காயேசு என்ற ஊர்த் தலைவர்மீதான வழக்கில் ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழிவுபடுத்த வேண்டுமென்றால், எதிரில் நிற்பவருக்கு மானம் உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த 200-க்கும் மேற்பட்ட கொலையாளிகளிடம் பேசிய அரசியல் ஆய்வாளர் ஸ்காட் ஸ்ட்ராஸ், போர்க்கால அச்சமும் உடனிருந்த ஹூட்டுக்களின் நெருக்குதலுமே பெரும்பாலோரை இழுத்துச் சென்றன என்று கண்டார். வானொலி அவர் கணக்கில் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. குற்றவாளிகள் தம்மைக் காத்துக்கொள்ளவும் அப்படிச் சொல்லக்கூடும் என்ற ஐயம் எனக்கும் உண்டு. இருந்தாலும், ஒலிபரப்பு அவர்களுக்குப் புதிய வெறுப்பைக் கற்பித்தது என்பதைவிட, அச்சத்தாலும் நெருக்குதலாலும் செய்யத் துணிந்ததற்கு மனச்சான்றின் முன் வைக்க ஒரு சமாதானத்தைத் தந்தது என்பதே பண்டூராவின் சோதனையோடும் பொருந்துகிறது. அந்த வானொலியை நிறுவியவர்களுள் இருவரை அதே நீதிமன்றம் 2003-இல் தண்டித்ததை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால், "அவர்களும் மனிதர்கள்தாம்" என்று பள்ளிகளில் போதித்தாலே போதும் என்போருக்கு, அந்த அயலாரும் அதை அறிந்தே இருந்தார்கள் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.